கடிகாரங்களுக்கு இரண்டு சொற்கள் வேண்டும்: நேரப் பொருத்தம், நடைப் பொருத்தம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கம்பியில்லா வலையமைப்பில் சாதனங்களின் கடிகாரங்களை ஒன்றாக ஓடவைப்பதற்கு 'ஒத்திசைவு' போதும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அழகான சொல்தான். ஆனால் இங்கே நடப்பது இரண்டு வேலை: மணியை ஒன்றாக்குவது ஒன்று, ஓடும் வேகத்தை ஒன்றாக்குவது இன்னொன்று.

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஓர் ஆய்வகத்தில் எங்களுக்கு இதுதான் பிழைப்பு. இரண்டு மின்சுற்றுப் போர்டுகளை நொடிக்கொரு துடிப்பு தரவைத்து, மின்துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்ப்போம். ஒன்றின் நேரத்தை மற்றதற்கு மாற்றியதும் இரு துடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். பார்த்துக்கொண்டே இருங்கள், ஒன்று மெல்ல நகர ஆரம்பிக்கும். மணி சரியாகிவிட்டது, ஓட்டம் சரியாகவில்லை. கடிகாரத்தை ஓட்டும் சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகலாம். அதாவது நொடிக்கு 20 மைக்ரோநொடி. ஒன்று முந்தி மற்றது பிந்தினால் 40. சூடேறினால் அதுவும் மாறும்.

வைஃபை ரவுட்டர் வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒரு பீக்கன், அதாவது 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற அறிவிப்பு, அனுப்புகிறது. அதிலுள்ள 64 பிட் மைக்ரோநொடிக் கணக்கைப் பார்த்து போன் தன் எண்ணியைத் திருத்திக்கொள்ளும். அடுத்த பீக்கனுக்குள் மறுபடி 4 மைக்ரோநொடி வரை விலகலாம். நாலு ஸ்பீக்கர் சேர்ந்து பாட இது தாராளம். ரேடியோ அலை ஒரு திசையில் மட்டும் போய்ச்சேரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்க உதவாது. ஒரு மைக்ரோநொடியில் அலை 300 மீட்டர் போய்விடும். அதற்கு நேரத்தோடு ஓட்டத்தையும் பிடித்துக் கட்டவேண்டும். வலையமைப்பில் கடிகாரங்களைப் பொருத்துவதற்கான ஐஇஇஇ 1588 தரநிலையும் நேரத்தை ஒன்றாக்குவதை சிங்க்ரனைசேஷன், ஓட்டத்தை ஒன்றாக்குவதை சின்டனைசேஷன் என்று பிரித்தே பேசுகிறது.

ஆகவே முன்னதற்கு 'நேரப் பொருத்தம்', பின்னதற்கு 'நடைப் பொருத்தம்'. கடிகாரம் மெதுவாக நடக்கிறது என்றுதானே பேசுகிறோம்? இப்படி வைத்தால் இரு கடிகாரங்களின் மணி வித்தியாசமான ஆஃப்செட்டுக்கு 'நேரப் பிசகு', ஓட்டம் வேறுபடுவதால் வரும் டிரிஃப்ட்டுக்கு 'நடைப் பிசகு' என்று கூடவே சொற்கள் கிடைக்கின்றன. 'நடையைப் பொருத்திவிட்டு அப்புறம் நேரத்தைப் பொருத்து' என்று வேலையிடத்தில் அப்படியே சொல்லலாம். 'ஒத்திசைவு' ஏற்கெனவே போனிலும் கணினியிலும் கோப்புகளை ஒன்றாக்குவதற்குப் புழங்குகிறது. அது அங்கேயே இருக்கட்டும்.

பொருத்தம் என்றால் ஜாதகம் நினைவுக்கு வருமே என்று கேட்பீர்கள். வரட்டும். இரண்டை அருகருகே வைத்துச் சேருமா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த பொருள், இங்கேயும் அதேதான்.

'நடைப் பிசகு' மட்டும் எனக்கு முழு நிறைவில்லை. நொடிக்கு நொடி சேர்ந்துகொண்டே போகும் விலகல் என்பது அதில் தொனிக்கவில்லை. நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.