லாங்யியர்பியன் போய் வந்தவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கமுங்க, கோபிச்செட்டிபாளையத்துல இருந்து எழுதறேன். வானத்துல வண்ண வண்ணமா ஆடற வடதுருவ ஒளியைப் பார்க்கணும்னு எங்கப்பாவுக்கு ரொம்ப நாள் ஆசை. ஜனவரியில நார்வேயோட ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்துல இருக்கற லாங்யியர்பியனுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். 78 டிகிரி வடக்கு. நவம்பர் பாதியில இருந்து ஜனவரி கடைசி வரைக்கும் பகல்லயும் இருட்டுதான்; அதனால மத்தியானமே அந்த ஒளி தெரியுமுங்க! ராத்திரியில பார்க்க நார்வே நிலப்பகுதியில இருக்கற டிராம்சோ ஊர்தான் தோது, ஆனா அப்பா மனசு தீவு மேலதான்.

ஸ்வால்பார்டுக்குத் தனியா விசா வேண்டாம். ஆனா அது ஷெங்கன் எல்லைக்கு வெளிய இருக்கறதால, நார்வே வழியா போய்த் திரும்ப, ரெண்டு தடவை நுழையற ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) வேணும். வாங்கினவங்க என்னென்ன காகிதம் கொடுத்தீங்க?

பனிக்கரடி பயத்தால ஊர் எல்லையைத் தாண்டினா கரடியை விரட்டற சாதனம் கையில இருக்கணுமாம்; துப்பாக்கியோட வழிகாட்டி கூட வர்றது நல்லதாம். அப்பாவுக்கு முழங்கால் வலி, தாளவாடிக் குளிரே தாங்காது. நடக்காம வண்டியில உட்கார்ந்தே பார்க்க ஏற்பாடு உண்டுங்களா? கனமான குளிர் உடுப்பு அங்கேயே வாடகைக்குக் கிடைக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.