கார் பெயிண்டை வீட்டிலேயே தேய்த்து பாலிஷ் போட்டவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

சிங்காநல்லூர்க்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. அதில் கழுவி வெயிலில் காய விட்டதில் பானட் முழுக்க வட்ட வட்டமாகத் தடம். மேலே படிந்திருந்தது வினிகர் நனைத்த துணிக்கே போய்விட்டது, ஆனால் கிளியர் கோட்டை, அதாவது கலர் பெயிண்டுக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சை, அரித்த இடம் அப்படியே நின்றது. டிங்கரிங் கடையில் கேட்டால் பானட்டுக்கு முழுசாக பெயிண்ட் அடித்துவிடலாம் என்கிறார்கள். கம்பெனி பெயிண்டைச் சுரண்ட மனசு வரவில்லை, சரி பார்த்துவிடலாம் என்று ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

2000 நம்பர் வாட்டர் பேப்பரை (தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) இரவே ஊறப் போட்டு, காலையில் வாளித் தண்ணீரில் கொஞ்சம் கார் ஷாம்பு. வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடம் மட்டும் பள்ளமாகும், அதனால் ரப்பர் கட்டையில் சுற்றி, வட்டம் போடாமல் நேர்கோட்டில், தண்ணீர் விட்டுக்கொண்டே. பானட் விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் பெயிண்ட் மெலிசாக இருக்கும், அங்கெல்லாம் முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிட வேண்டும். கிளியர் கோட் மொத்தமே 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெலிசு. வழிகிற கரைசல் பால் மாதிரி இருக்கும்வரை பயமில்லை. என் கார் கருநீல மெட்டாலிக், அதில் நீலம் கலந்து வந்தால் கிளியர் கோட் போச்சு, அதற்கு மேல் பெயிண்டர்தான்.

துடைத்துப் பார்த்தால் பானட் வெளிறிப்போய்ப் பளபளப்பே இருக்காது, வீட்டில் ஒருத்தராவது "ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்க"ன்னு கேட்பாங்க. அப்புறம் 3000 நம்பர் பேப்பர், அதன் பிறகு காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை, கடைசியில் ஃபினிஷிங் பாலிஷ். காம்பவுண்டில் இருக்கும் எண்ணெய் மெல்லிய கீறல்களை மறைத்துவிடும், அதனால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால்தான் நிஜம் தெரியும்.

மதுரை மெக்கானிக்கல்:
அண்ணா, வெள்ளைக் காருக்கு இந்தக் கணக்கு எப்படி? கிளியர் கோட் போனாலும் வெள்ளை, பெயிண்ட் போனாலும் வெள்ளை!

சிங்காநல்லூர்க்காரன்:
அதேதான் தம்பி, வெள்ளைக் காரில் கண்ணை நம்ப முடியாது. தடிமன் பார்க்கும் மீட்டர் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள். இரும்பு பாடியில் மட்டும் வைத்துப் பார், பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சாதாரண மீட்டர் அங்கே எதுவும் காட்டாது. ஒரு பேனலில் மட்டும் 200, 300 மைக்ரான் என்று தாண்டினால் ஏற்கெனவே அடித்த பெயிண்ட், அடியில் பட்டி பார்த்திருக்கவும் கூடும். அதில் கிளியர் கோட் எவ்வளவு என்று சொல்ல முடியாது, நான் என்றால் பேப்பரே வைக்க மாட்டேன்.

தாம்பரம் டாட்:
பாலிஷருக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று ஆங்கிள் கிரைண்டரில் பஞ்சு பேட் மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றும், பாலிஷ் வேலைக்கு மூவாயிரமே அதிகம். என் பக்கத்து வீட்டுக்காரர் கதவின் மடிப்பில் ஒரு நொடி நிறுத்தினார், மெல்லிய கோடாக அடியில் இருக்கும் பிரைமர் பூச்சு எட்டிப் பார்த்தது. பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற டூயல் ஆக்‌ஷன் பாலிஷ் மெஷின் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் ஒரே இடத்தில் அழுத்தினால் சுற்றுவதை நிறுத்திக்கொள்ளும், புதுசாகப் பழகுகிறவருக்கு அது போதும். அப்புறம், மத்தியானம் செய்யாதீர்கள். பேனலில் கை வைத்தால் சுடுகிறதென்றால் காம்பவுண்ட் பரவுவதற்குள் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

மதுரை மெக்கானிக்கல்:
சரிண்ணா. அப்போ முதலில் தேய்க்காமல் வெறும் காம்பவுண்ட் மட்டும் போட்டுப் பார்க்கிறேன்.

சிங்காநல்லூர்க்காரன்:
அதுதான் சரி. அதிலேயே பாதித் தடம் போய்விட்டால் பேப்பரைத் தொடவே தொடாதே.