அத்தை வீட்டு போர் தண்ணியில் ஈயம்: ஸ்பைக் பாதிதான் திரும்புது, ப்ளாங்க்லயும் பீக் வருது

கெடிலக்கரை:
வணக்கம். பாண்டியில எம்.எஸ்சி. ரெண்டாம் வருஷம். அனோடிக் ஸ்ட்ரிப்பிங்ல (உலோகத்தை மின்சாரத்தால எலக்ட்ரோடுல படிய வைச்சு, திரும்பக் கரையும்போது வர்ற மின்னோட்டப் பீக்கை அளக்கிற முறை) ஈயம், காட்மியம் பார்க்கிறதுதான் ப்ராஜெக்ட். கிளாஸி கார்பன் மேல பிஸ்மத் படலம். 0.1 மோலார் அசிடேட் பஃபர், பிஎச் 4.5. பிஸ்மத் 400 பிபிபி (லிட்டருக்கு 400 மைக்ரோகிராம்), செல்லுக்குள்ளயே சேர்த்துடுவேன். −1.2 வோல்ட்ல 120 செகண்ட் கலக்கிக்கிட்டே படிய வைச்சு, 10 செகண்ட் அசையாம விட்டு, ஸ்கொயர் வேவ் ஓட்டுறேன்.

சுத்தத் தண்ணியில ஸ்டாண்டர்ட் போட்டா நேர்கோடு வருது. கடலூர் முதுநகர்ல அத்தை வீட்டு போர் தண்ணியைப் போட்டதும் எல்லாம் குழம்புது. ஸ்பைக்கா, அதாவது சரிபார்க்க நானே, 10 பிபிபி ஈயம் சேர்த்தா அஞ்சுதான் கூடுதலா காட்டுது. பிஸ்மத் பீக் குட்டையாகி வலது பக்கம் தோள் மாதிரி ஒண்ணு நிக்குது. −1.05 கிட்ட ஒரு மேடும் இருக்கு. போதாததுக்கு, ப்ளாங்க்ல, அதாவது எதுவுமே சேர்க்காத வெறும் பஃபர்லயும், −0.5ல சின்னதா ஈயப் பீக்.

சிப்காட் தொழிற்பேட்டை பக்கம்தானேன்னு அத்தைக்குப் பல நாளா பயம். பேரப் புள்ளைக்கு இந்தத் தண்ணியைக் குடுக்கலாமான்னு கேட்கிறாங்க. இந்த நம்பரை வெச்சு அவங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனசு வரல.

பாதரசத்துளி:
தம்பி, 26 வருஷம் தண்ணி பரிசோதனைக்கூடத்துல இருந்தவ நான். தொங்கும் பாதரசத் துளி எலக்ட்ரோடுல ஆரம்பிச்சவ. பிஸ்மத் எலக்ட்ரோடு வந்தது 2000ல, ஜோசஃப் வாங் குழு வெளியிட்டது. பாதரசத்தைக் கையால தொட வேண்டாங்கிறதே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

முதல்ல ப்ளாங்க். உங்க சோடியம் அசிடேட் டப்பாவைத் திருப்பி லேபிளைப் படிங்க. கன உலோகம் 0.0005 சதவீதம்னு போட்டிருந்தா, ஒரு கிராமுக்கு 5 மைக்ரோகிராம் வரைக்கும் இருக்கலாம்னு அர்த்தம். 0.1 மோலாருக்கு ட்ரைஹைட்ரேட் லிட்டருக்கு 13.6 கிராம் போடுவீங்க. பெருக்கிப் பாருங்க, 68 பிபிபி. அது உச்ச வரம்பு, உண்மையில குறைவாத்தான் இருக்கும். ஆனா குடிநீருக்கு இந்தியத் தரம் ஐஎஸ் 10500 வெச்சிருக்கிற வரம்பே ஈயத்துக்கு 10 பிபிபிதான்! தண்ணியில தேடுறதை நாமளே பஃபர்ல ஊத்திக்கிட்டு உட்கார்ந்திருப்போம். அதிதூய தரத்துல சின்ன பாட்டில் வாங்குங்க, இல்லன்னா பஃபரை, உலோகத்தைப் பிடிச்சு வெச்சுக்கிற செலெக்ஸ் ரெசின் வழியா விட்டு எடுங்க. பீக்கர், பைப்பெட் டிப் எல்லாம் 10 சதவீத நைட்ரிக் அமிலத்துல ராத்திரி முழுக்க ஊறணும்.

ரெண்டாவது, எனக்கு உறுத்துறது அந்தத் தோள். அது செம்பு. −1.05 மேடு துத்தநாகம். செம்பும் துத்தநாகமும் கைகோத்து வந்தா நான் நிலத்தடி நீரைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி குழாயைப் பார்ப்பேன். அத்தை வீட்டுல பித்தளைக் குழாயா? தண்ணியை எத்தனை மணிக்குப் பிடிச்சீங்க?

கெடிலக்கரை:
பழைய பித்தளைக் குழாய்தான் மேடம். காலையில ஆறு மணிக்கு, அத்தை எழுந்து முதல்ல திறந்த தண்ணி. ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில்ல பிடிச்சு அப்படியே பஸ் ஏறிட்டேன். அமிலம் எதுவும் ஊத்தல.

உப்பளம்:
குறுக்கே வர்றேன். அமிலம் போடாத பாட்டில்ல ஈயம் சுவத்துல ஒட்டிக்கும். பிடிச்ச உடனே லிட்டருக்கு 1.5 மில்லி அடர் நைட்ரிக், பிஎச் ரெண்டுக்குக் கீழே. இன்னொரு பாட்டிலை ஐசிபி-எம்எஸ்க்கு (பிளாஸ்மாவுல அயனியாக்கி உலோகத்தை அளக்கிற கருவி) அனுப்பி ஒப்பிட்டா வேலை முடிஞ்சுது.

பாதரசத்துளி:
அமில விஷயம் முழுக்கச் சரி. ஒப்பீட்டுல மட்டும் ஒரு எச்சரிக்கை. ஐசிபி மொத்த ஈயத்தைச் சொல்லும். ஸ்ட்ரிப்பிங், எலக்ட்ரோடுல படியக்கூடிய ஈயத்தை மட்டும்தான் பார்க்கும். கரிமப் பொருளோட இறுகப் பிணைஞ்சது அதுக்குத் தெரியாது. ரெண்டு எண்ணும் வேற வேறயா வந்தா உடனே மெஷினைத் திட்டாதீங்க.

தம்பி, ராத்திரி முழுக்கக் குழாய்க்குள்ள தேங்கி நின்ன தண்ணியைத்தான் பிடிச்சிருக்கீங்க. பித்தளையைக் கடைசல்ல சுலபமா வெட்ட ஈயம் கொஞ்சம் சேர்ப்பாங்க. செம்பு, துத்தநாகம், ஈயம் மூணும் அந்தக் குழாய்லயே இருக்கு. ஸ்பைக் பாதியானதுக்கும் அதே செம்புதான் காரணம்னு நினைக்கிறேன். எலக்ட்ரோடு பரப்புல பிஸ்மத்தோட இடத்துக்குப் போட்டி போடுது. அதனாலதான் பிஸ்மத் பீக்கும் குட்டையாச்சு.

மறுபடி போங்க. காலையில முதல் தண்ணி ஒரு பாட்டில், அஞ்சு நிமிஷம் திறந்து விட்டு ரெண்டாவது பாட்டில். பாட்டிலும் அமிலத்துல கழுவினதா இருக்கட்டும். செல்லுல பஃபர் சேர்த்த பிறகு பிஎச் 4.5தானான்னு மீட்டர்ல பாருங்க, அமிலம் அதைக் கீழே இழுத்திருக்கும். அப்பவும் செம்பு தொல்லை பண்ணினா ஃபெர்ரோசயனைடு துளி சேர்த்துக் கட்டலாம். பஃபர் கலந்த பிறகுதான் சேர்க்கணும், அமிலம் ஊத்தின பாட்டில்ல நேரா போடவே கூடாது.

கணக்கு சுத்தத் தண்ணிக் கோட்டுல வேண்டாம். அதே செல்லுல 5 பிபிபி வீதம் மூணு தடவை சேர்த்து, கோட்டைப் பின்னால நீட்டி எடுங்க. ப்ளாங்க்கைத் தனியா கழிக்கணும், ஸ்டாண்டர்ட் அடிஷன் அதைத் திருத்தாது.

ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவுல அலுமினாத் துணியில எலக்ட்ரோடைத் தேய்க்கிறீங்களா? லைசென்ஸுக்கு எட்டு போடுற மாதிரி, அழுத்தாம, சீரா. ஒரே இடத்துல வட்டமா தேய்ச்சா பரப்பு சாய்ஞ்சுடும்.

கெடிலக்கரை:
ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தேன் மேடம். புது அசிடேட்ல ப்ளாங்க் பீக் கிட்டத்தட்ட தரையோட தரை. முதல் பாட்டில்ல தோள் அப்படியே இருக்கு, ஈயமும் தெளிவா இருக்கு. ரெண்டாவது பாட்டில்ல தோளே இல்ல, பிஸ்மத் பீக் பழைய உயரம், 10 சேர்த்தா 9.4 திரும்புது. ஈயம் ப்ளாங்க்கைத் தாண்டல. அத்தைகிட்ட முதல் தண்ணியைச் செடிக்கு விடச் சொல்லிட்டேன். மாமா குழாயை மாத்தறேன்னு அளவெடுத்துக்கிட்டு இருக்கார். அறிக்கையில ‘ஈயம் இல்லை’ன்னு எழுதிடலாமா?

பாதரசத்துளி:
மனசு நிறைஞ்சுது தம்பி. ஆனா ‘இல்லை’ன்னு எழுதாதீங்க. ப்ளாங்க்கை ஏழு தடவை ஓட்டி, திட்ட விலகலை மூணால பெருக்கி, வர்ற அளவுக்குக் கீழேன்னு எழுதுங்க. இது ஒரு நாள் தண்ணி, மழைக்கு அப்புறமும் ஒரு தடவை பிடிங்க. காட்மியத்துக்கு வரம்பு 3 பிபிபிதான். 120 செகண்ட் பத்தலன்னா 300 வரைக்கும் படிய விட்டுப் பாருங்க, பீக் −0.75 பக்கம் வரும்.