இயல்பாகப் பேசும்போது வரும் எண்களை மட்டும் மாடல் தப்புத்தப்பாக எழுதுகிறது, என்ன செய்யலாம்?

ஒலிக்கோடு:

கிடங்கில் வேலை செய்பவர்களுக்குக் கை ஒழியாது என்பதால், பெட்டி எண்ணையும் சரக்கு எண்ணிக்கையையும் வாயால் சொல்லியே பதிகிற மாதிரி ஒரு செயலி செய்துகொண்டிருக்கிறோம். பேச்சை எழுத்தாக்கும் மாடல் மோசமில்லை, "மேல் அடுக்குல இருக்கற பெட்டி உடைஞ்சிருக்கு" போன்ற வாக்கியங்களைச் சுத்தமாக எழுதிவிடுகிறது. எண் வந்தால்தான் சிக்கல். ஒவ்வொரு இலக்கமாக நிறுத்தி நிதானமாகச் சொன்னால் சரியாக வருகிறது, ஆனால் வேலைக்கு நடுவே யார் அப்படிப் பேசுவார்கள்?

ஒருவர் சொன்னது இது: "எழுபத்தி ரெண்டு நாப்பது, டபுள் அஞ்சு, இருங்க... ஒம்பது, இல்ல ஒம்பது இல்ல, ஆறு." வந்திருக்க வேண்டியது 7240556. வந்தது 70 2 40 5 9 9 6. இன்னொருவர் "ரெண்டு மூணு பெட்டி நனைஞ்சிருக்கு" என்றார், திரையில் "23 பெட்டி நனைஞ்சிருக்கு" என்று வந்தது. இது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கே தெரியும்.

இலக்கம் இலக்கமாகத்தான் சொல்ல வேண்டும் என்று எல்லோரையும் கட்டாயப்படுத்துவதா, அல்லது இன்னும் நிறைய ஒலிப்பதிவு சேர்த்து மாடலுக்குப் பயிற்சி கொடுத்தால் தானாகச் சரியாகிவிடுமா?

அலைநீளம்:

வெறுமனே பதிவுகளைக் கூட்டுவதால் மட்டும் இது தீராது. மற்ற சொற்களுக்கு அக்கம்பக்கத்துச் சொற்கள் கைகொடுக்கின்றன, "பெட்டி உடைஞ்..." என்று பாதி கேட்டாலும் மீதியை மாடல் ஊகித்துவிடும். பெட்டி எண்ணில் 7-க்கு அடுத்து 2 வருமா 8 வருமா என்று எந்த மொழியறிவும் சொல்லாது. பாரம் முழுவதும் ஒலியின் தலையில் விழுகிறது. அதோடு, எழுத்து மாறிய சொல் கண்ணில் பட்டுவிடும், தப்பான எண்ணோ பார்வைக்கு இன்னொரு சரியான எண் போலவே இருக்கும்.

கணக்கையும் பாருங்கள். ஒரு இலக்கத்தை 99 சதவீதம் சரியாகக் கேட்கும் மாடல், 10 இலக்க எண்ணை முழுசாகச் சரியாகக் கேட்பது சுமார் 90 சதவீதம்தான். 16 இலக்கம் என்றால் 85. பத்தில் ஒரு எண் தப்பு என்றால் அந்தச் செயலியை யாரும் நம்ப மாட்டார்கள்.

எண்ணை அறிவது சுலபம் என்ற நினைப்புக்கும் காரணம் உண்டு. இந்தத் துறையே இலக்கங்களில்தான் தொடங்கியது. 1952-இல் பெல் ஆய்வகத்தின் ஆட்ரி இயந்திரம் ஒருவர் குரலுக்கு ஏற்றபடி சரிசெய்தால், இடைவெளி விட்டுச் சொல்லும் இலக்கங்களை 97 சதவீதத்துக்கு மேல் சரியாக அறிந்தது. 1980-களில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 326 பேரை இலக்கத் தொடர்களைச் சொல்லவைத்துப் பதிவு செய்த டிஐடிஜிட்ஸ் தொகுப்பில், 1990-களிலேயே மிகக் குறைந்த பிழை அளவை எட்டிவிட்டார்கள். ஆனால் அதெல்லாம் அமைதியான அறையில் பார்த்துச் சொன்னவை. ஓரிகன் ஆய்வாளர்கள் தொலைபேசி அழைப்புகளில் மக்கள் வீட்டு எண்ணும் அஞ்சல் குறியீடும் சொன்ன பகுதிகளைத் தனித் தொகுப்பாக எடுத்தபோதுதான் மூச்சு வாங்கல், பாதி விழுங்கிய சொல், "ம்ம்" எல்லாம் சேர்ந்து வந்தன. உங்கள் கிடங்கு இந்த இரண்டாவது ரகம்.

உடனே பார்க்க வேண்டியது ஒன்று: புளூடூத் ஹெட்செட் பயன்படுத்துகிறீர்களா? அழைப்புக்கான பழைய கோடெக்கில் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) ஓடினால் ஒலி 8 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்புக்கு, அதாவது நொடிக்கு 8,000 முறை மட்டும் அளப்பதற்கு, இறங்கிவிடும். 'ஸ்', 'ஃப்' போன்ற ஒலிகளின் பெரும்பகுதி அதில் போய்விடுகிறது. ஆட்கள் நடுநடுவே ஆங்கில இலக்கமும் சொல்வார்கள், அப்போது ஃபைவும் நைனும் குழம்பும். விமான வானொலியில் நைனை 'நைனர்' என்று சொல்வது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். 16 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும் ஹெட்செட்டுக்கு மாறினாலே கொஞ்சம் நிலைமை மாறும்.

சொல்லடுக்கு:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் உங்கள் எடுத்துக்காட்டைப் பார்த்தால் பாதிப் பிழை கேட்பதில் இல்லை, கேட்டதை இலக்கமாக மாற்றும் இடத்தில் இருக்கிறது. உங்கள் பயிற்சி உரைகளில் எண்கள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன? "25" என்று இருந்தால், சொன்னவர் "இருபத்தஞ்சு" என்றாரா "ரெண்டு அஞ்சு" என்றாரா என்பது அங்கேயே தொலைந்துவிட்டது. மாடல் பாவம், எதைப் பார்த்துக் கற்கும்? ஓப்பன்ஏஐ-யின் விஸ்பர் மாதிரிப் பேச்சை எழுத்தாக்கும் மாடல்கள் வலையில் கிடைத்த 6,80,000 மணி நேர ஒலியையும் அதனுடன் இருந்த உரையையும் வைத்துப் பயின்றவை, அதனால் எண்ணைத் தம் போக்கில் இலக்கமாகவே எழுதிவிடும். இலக்க டோக்கன்களை (மாடல் எழுதும் எழுத்துத் துண்டுகளில் இலக்கமாக இருப்பவற்றை) அடக்கும் வசதி அதில் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். சொந்த மாடல் என்றால் உரைகளைச் சொன்னபடி சொற்களாகவே எழுதிப் பயிற்சி கொடுங்கள்.

இதில் தமிழில் நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஆங்கிலத்தில் 'ட்வென்டி ஃபைவ்' என்றால் 25-ஆ, 20-உம் 5-உமா என்று சொல்லை வைத்துத் தெரியாது, இழுத்துச் சொன்ன விதத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். பிரெஞ்சில் 72-உம், அறுபதும் பன்னிரண்டும் அடுத்தடுத்து வருவதும் ஒரே மாதிரிதான். தமிழிலோ 'இருபத்தி' என்றால் இன்னும் வரப்போகிறது, 'இருபது' என்றால் அங்கேயே முடிந்தது. நூறு/நூத்தி, ஆயிரம்/ஆயிரத்தி எல்லாம் அப்படியே. "எழுபத்தி ரெண்டு நாப்பது" என்பதற்கு 72, 40 தவிர வேறு பொருளே கிடையாது. அந்த 'த்தி' காதில் விழுந்த பிறகும் அதை 70 என்று மூடிவிடுவது மாற்றும் நிரலின் குற்றம்தான்.

எனவே வேலையை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் பேச்சு வடிவம் அப்படியே எழுத்தில் வரட்டும். பிறகு பைனினி (எழுத்தை மாற்றும் விதிகளை எழுத உதவும் பைதான் நிரல் நூலகம்) மாதிரி ஒன்றில் எழுதிய சிறிய விதித் தொகுப்பு அதை எண்ணாக்கட்டும். தொண்ணூறு, தொள்ளாயிரம் போல வரிசைக்கு அடங்காதவற்றைத் தனியாக எழுதிவிடுங்கள்.

"ரெண்டு மூணு பெட்டி" விஷயம் வேறு. ரெண்டு மூணு, நாலஞ்சு, பத்து பதினஞ்சு என்று அடுத்தடுத்த அளவுகள் ஏறுவரிசையில் வந்து பின்னாடியே ஒரு பொருளின் பெயர் வந்தால் அது தோராயம், அதை எண்ணாக்கவே கூடாது, "2–3" என்று வையுங்கள் அல்லது திருப்பிக் கேளுங்கள். "ஒரு பத்து பெட்டி"யில் வரும் 'ஒரு'வும் எண் இல்லை. ஆனால் பெட்டி எண் கேட்கும் திரையில் அதே "ரெண்டு மூணு" 23 தான். ஆகவே அந்த நேரத்தில் செயலி எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதையும் விதிக்குச் சொல்லியாக வேண்டும்.

கடைநிலை:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஒன்று, "இருங்க..." என்று அவர் நிறுத்தினாரே, அந்த இடத்தில் பேச்சு முடிந்துவிட்டது என்று செயலி வெட்டிவிடும். எண் பாதியில் இருக்கும்போது காத்திருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். பெட்டி எண் 7 இலக்கம் என்று தெரிந்தால் 6 இலக்கம் வந்தவுடன் மூடக்கூடாது. "ஒம்பது இல்ல, ஆறு" என்பது பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும்: தப்பான இலக்கத்தைத் திரும்பச் சொல்லி, இல்ல என்று சொல்லி, சரியானதைச் சொல்வார்கள். கடைசியாக வந்த அதே இலக்கத்தை மாற்றினால் போதும்.

இரண்டாவது, மாடலிடம் ஒரே விடை கேட்காதீர்கள். முதல் ஐந்தாறு ஊகங்களை வாங்கி, கிடங்கில் உண்மையிலேயே இருக்கும் எண்களின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். சரிபார்ப்பு இலக்கம் (மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு எண்ணோடு சேர்ப்பது) இருந்தால் இன்னும் நல்லது. கடன் அட்டைகளில் உள்ள லூன் முறை ஒற்றை இலக்கப் பிழை எதையும் பிடித்துவிடும், பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினாலும் 09, 90 தவிர மற்றதைப் பிடிக்கும். ஆனால் ஊகங்களின் பட்டியலில் ரொம்பக் கீழே இறங்காதீர்கள், குருட்டாம்போக்கில் எடுத்த எண்ணும் பத்தில் ஒன்று அந்தச் சோதனையைத் தாண்டிவிடும்.

ஒலிக்கோடு:

மிக்க நன்றி, ஹெட்செட் பழைய கோடெக்கில்தான் ஓடுகிறது, இப்போதுதான் பார்த்தேன். சரிபார்ப்பு இலக்கம் இல்லை, பட்டியல் இருக்கிறது. ஆனால் எண்கள் வரிசையாகக் கொடுக்கப்பட்டவை. அப்புறம், எண்ணிக்கைக்கு என்ன செய்வது? 50 பெட்டியா 60 பெட்டியா என்று எந்தப் பட்டியலும் சொல்லாதே.

கடைநிலை:

வரிசை எண் என்றால் கடைசி இலக்கங்களில் பட்டியல் அவ்வளவாக உதவாது, பக்கத்து எண்ணும் உண்மையான எண்ணாகவே இருக்கும். புதிய பெட்டிகளுக்காவது ஒரு சரிபார்ப்பு இலக்கம் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மலிவான தீர்வு அதுதான்.

எண்ணிக்கைக்குத் திருப்பிச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் சொன்ன வடிவத்திலேயே சொல்லாமல் மாற்றிச் சொல்லுங்கள்: "அறுபத்தி ரெண்டு" என்றால் "ஆறு ரெண்டு, சரியா?" மருந்தளவை வாயால் சொல்லும்போது "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்" என்று இரண்டு விதமாகச் சொல்லச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். எல்லாவற்றுக்கும் கேட்டால் எரிச்சலாகும், முதல் இரண்டு ஊகங்களும் நெருங்கி வரும்போது மட்டும் கேட்கட்டும்.

சொல்லடுக்கு:

சோதனையைச் சொற்பிழை விகிதத்தில் (மொத்தச் சொற்களுக்கு எத்தனை சொல் தப்பு என்ற அளவில்) அளக்காதீர்கள், முழு எண்ணும் சரியா தப்பா என்று அளவிடுங்கள். பெட்டி எண்ணுக்குத் தனிக் கணக்கு, எண்ணிக்கைக்குத் தனிக் கணக்கு.

பதிவு சேர்க்கும்போது தாளில் எண்ணை அச்சடித்துக் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டாம், எல்லோரும் பள்ளிப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவார்கள். வேலை நடக்கும்போது "அது எந்தப் பெட்டி, உள்ளே எத்தனை இருக்கு?" என்று பக்கத்தில் நின்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.