பென்ஃபோல்ட்ஸ் ஒயின்: ஆரம்பித்தது டாக்டரா, மேரியா?

கரிசல்காட்டான்:
பக்கத்து விவாதத் திரியில் ஒருவர் எழுதியிருக்கிறார்: ஆஸ்திரேலிய ஒயின் நிறுவனமான பென்ஃபோல்ட்ஸை உருவாக்கியவர் டாக்டர் கிறிஸ்டோபர் பென்ஃபோல்டாம், மனைவி மேரி கூடமாட ஒத்தாசை செய்தாராம். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1844-ல் இங்கிலாந்திலிருந்து அடிலெய்டு நகரத்துக்கு வந்து, அதன் பக்கத்திலிருந்த மகிலில் 500 ஏக்கர் வாங்கினார்கள். டாக்டர் நோயாளிகளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். திராட்சைத் தோட்டத்தில் நின்றது யார்? வெவ்வேறு ஒயின்களை ருசி பார்த்து ஒன்றாகக் கலந்தது யார்? மேரி.

மருந்துச்சீட்டு:
அதை எழுதியவன் நான்தான். நேரே பெயர் சொல்லியே திட்டலாம். ரத்தசோகைக்காரர்களுக்கு டானிக்காக ஒயின் கொடுத்தது டாக்டர். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான் தோட்டமே பெருகியது. வைத்தியம் இல்லையென்றால் ஒயின் இல்லை.

கரிசல்காட்டான்:
சீட்டு எழுதினால் பீப்பாய் நிறைந்துவிடுமா? 1874-ல் அடிலெய்டு பத்திரிகைக்காரர் ஒருவர் மகிலுக்குப் போய் எழுதினார். ஒயின்களைக் கலக்கும் வேலை மேரியின் நேரடி மேற்பார்வையில் நடந்தது. அதற்கு எழுதி வைத்த விதி எதுவும் இல்லை, அவருடைய நாக்கு சொன்னதுதான் கணக்கு. கலந்தது மேரி!

மருந்துச்சீட்டு:
டாக்டர் இறந்தது 1870-ல். நீங்கள் காட்டுவது 1874. அப்புறம் வேறு யார் கலப்பார்? முந்தைய 26 வருஷம் அவர் கைகட்டி நின்றாரா?

கரிசல்காட்டான்:
கைகட்டி நிற்கவில்லை. வைத்தியம் பார்த்தார், 1856-ல் பர்ன்சைடு வட்டார மன்றத்தின் முதல் தலைவராகவும் ஆனார். மதிப்பான மனிதர், மறுக்கவில்லை. ஆனால் இத்தனைக்கும் நடுவில் திராட்சையை அவர் எப்போது பார்த்தார்? அவர் போன நாலே வருஷத்தில் ஒரு பெண்ணின் நாக்கு அத்தனை பழகிவிடுமா? கலந்தது மேரி.

மகில்ரோடு:
பென்ஃபோல்டு தம்பதி குடியிருந்த சின்னக் கல் வீடு இன்றும் கொடிகளுக்கு நடுவில் நிற்கிறது. கிரேஞ்ச் காட்டேஜ் என்று பெயர். வாசலில் நின்றால் அடிலெய்டு நகரம் கீழே தெரியும். 500 ஏக்கரில் இப்போது மிஞ்சியிருப்பது சுமார் 5 ஹெக்டேர் கொடிதான், சுற்றிலும் வீடுகள். நீங்கள் இரண்டு பேரும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுச் சண்டை போடலாம்.

மருந்துச்சீட்டு:
அடிலெய்டில் வீடு இருந்தால் வரலாறு தெரிந்துவிடுமா தம்பி? போன மாதம் பார்சல் கட்டண விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்தீர்கள்.

மகில்ரோடு:
பார்சலை ஏன் சார் இங்கே இழுக்கிறீர்கள்? அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி.

பழையபீப்பாய்:
குடும்பம், குடும்பம் என்கிறீர்கள். பென்ஃபோல்ட்ஸ் பெயர் உலகம் முழுக்கத் தெரிவது கிரேஞ்ச் ஒயினால். அதை 1951-ல் தொடங்கிய, அங்கே ஒயின் தயாரித்த மேக்ஸ் ஷூபர்ட் அந்தக் குடும்பமே இல்லை. 1957-ல் நிறுத்தச் சொல்லி மேலிடம் உத்தரவு போட்டது. 57, 58, 59 மூன்று வருஷம் மறைவாகவே செய்து வைத்தார். பாராட்ட வேண்டியது அவரை.

கரிசல்காட்டான்:
ஷூபர்டைப் பற்றி வேறு திரி தொடங்குங்கள். 1884-ல் மேரி ஓய்வுபெற்றபோது தென் ஆஸ்திரேலிய ஒயினில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்தது. ஒத்தாசைக்கு வந்தவர் அதைச் சாதிப்பாரா?

மருந்துச்சீட்டு:
தனியாகவா சாதித்தார்? மருமகன் தாமஸ் ஹைலாந்து இருந்தார், ஜோசப் கில்லார்டும் கூட்டாளி. அவர்கள் பெயரை ஏன் விழுங்குகிறீர்கள்? ஹைலாந்து வழி வாரிசுகள்தான் பென்ஃபோல்ட் ஹைலாந்து என்று பெயர் வைத்துக்கொண்டு நிர்வாகத்தைத் தொடர்ந்தார்கள். 1976-ல் சிட்னி பீர் கம்பெனி ஒன்றின் கைக்குப் போகும்வரை குடும்பப் பிடி இருந்தது.

கரிசல்காட்டான்:
எல்லாம் சரி. மாப்பிள்ளை கணக்குப் பார்த்தார், கில்லார்டு வேலை பார்த்தார். கலந்தது யார்?

பழையபீப்பாய்:
ஐயா, இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்பீர்கள்?

கரிசல்காட்டான்:
பதில் வரும்வரை. என் அம்மா நாற்பது வருஷம் கடலைக்காட்டில் நின்றாள், பட்டாவிலும் ரசீதிலும் அப்பா பெயர்தான். அதனால் கேட்பேன். கலந்தது யார்?

மருந்துச்சீட்டு:
உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். ஆனால் மகிலில் முதலில் ஒயின் கொடுத்தது டாக்டர்!

கரிசல்காட்டான்:
கொடுத்தவரைக் கேட்கவில்லை.