மாண்டலின் பதிவில் பிக் சத்தம்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஐரிஷ் நாட்டுப்புற மெட்டுகளை மாண்டலினில் வாசித்து, போனில் பதிவு செய்து பகிர்கிறேன். போட்டுக் கேட்டால், மெட்டைவிட, மீட்டப் பயன்படும் சிறு தகடான பிக் கம்பியில் படும் 'டிக் டிக்' சத்தம்தான் முன்னால் நிற்கிறது. 6/8 தாளத்தில் ஜிக் (துள்ளலான நடன மெட்டு) வேகமெடுக்கும்போது இன்னும் மோசம். போனை சவுண்ட் ஹோலுக்கு நேராக வைத்தால் தடித்த ஜி கம்பிகள் குமுறுகின்றன. கழுத்தில் உள்ள 12ஆம் ஃப்ரெட் (குறுக்குக் கட்டை) பக்கம் நகர்த்தினால் தெளிவு வருகிறது, ஆனால் மெல்லிய ஈ கம்பி ஜோடியின் ஒலி மெலிந்துவிடுகிறது. சுருதியில் குறை இல்லை.

1.5 மி.மீ. கனத்தில், முனை உருண்ட பிக் வைத்து வாசிப்பவர்கள் இருக்கிறீர்களா? சத்தம் குறைகிறதா? அப்புறம், போனின் இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடலாமா? டிரெமலோ (ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டுவது) தேய்ந்து முடியும் இடத்தை அதுதான் விழுங்குகிறதோ என்று சந்தேகம்.

காதால் கேட்டே கைமாறி வந்த மெட்டுகள் இவை. கற்றுக்கொள்பவருக்கு ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழ வேண்டும். உங்கள் பதிவு ஒன்றைப் போட்டு, போனை எங்கே வைத்தீர்கள் என்றும் சொன்னால் பேருதவி.