உடற்பயிற்சிக்குத் தனி நேரம் இல்லை, அன்றாட வேலையிலேயே அசைவைக் கூட்டுவது எப்படி?

மேசைவாசி:
நாள் முழுக்கக் கணினி முன்னால்தான் வேலை. மணிக்கொரு முறை எழுந்து நடக்க அலாரம் வைத்தால் மீட்டிங் நடுவில் அடிக்கிறது, அணைத்துவிட்டு மறந்துபோகிறது. நின்றபடி வேலை செய்யும் மேசை வாங்கினால் போதுமா? மாடிப்படி ஏறுவது முட்டிக்குக் கெடுதலா?

படிக்கட்டு:
அலாரம் வேலைக்காகாது. எப்படியும் செய்யப்போகிற ஒன்றோடு அசைவைக் கோத்துவிடுங்கள். போன் வந்தால் எழுந்து நடந்துகொண்டே பேசுவது, உதாரணத்துக்கு. இயர்போன் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும், சார்ஜர் வயரில் மாட்டிய போனோடு நடக்க முடியாது. மேசையில் லிட்டர் பாட்டிலுக்குப் பதில் 200 மி.லி. டம்ளர் வைத்தால், குடிக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்தாக வேண்டும். முதலில் ஒன்றை மட்டும் பழக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குகிறவர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள்.

படிக்கட்டில் ஏறுவது வேறு, இறங்குவது வேறு. ஏறும்போது குதிகால் வெளியே தொங்காமல் பாதம் முழுவதும் படியில் பதியட்டும். இடுப்பிலிருந்து லேசாக முன்சாய்ந்து, குதிகாலை அழுத்தி எழும்பினால் பின்தொடையும் புட்டமும் பாரத்தில் பங்கெடுக்கும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் அதனால்தான். முட்டி உறுத்துகிறவர்கள் முதல் சில வாரம் ஏற மட்டும் படி, இறங்க லிஃப்ட் என்று வைத்துக்கொள்ளலாம். நாலு மாடி மலைப்பாக இருந்தால் இரண்டு மாடி ஏறிவிட்டு மீதிக்கு லிஃப்ட். நெஞ்சில் இறுக்கம் வந்தால் அங்கேயே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள்.

கெண்டைக்கால்:
அந்த மேசையைப் பற்றி விளம்பரம் சொல்வது கொஞ்சம் ஓவர். சும்மா நிற்பதற்கு, உட்கார்வதைவிட மிகச் சிறிதளவே கூடுதல் சக்தி செலவாகும். மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் காலில் ரத்தம் தேங்கி வீக்கம் வரும். கெண்டைத் தசை சுருங்கினால்தான் ரத்தம் மேலே தள்ளப்படும். மேசை இருந்தால் அரை மணிக்கொரு முறை மாறி மாறி உட்காருங்கள், நில்லுங்கள்.

காசில்லாத வழி: அடுப்பில் ஏதாவது கொதிக்கும்வரை மேடை விளிம்பைத் தொட்டுக்கொண்டு குதிகாலை 2 விநாடியில் உயர்த்தி, 2 விநாடியில் இறக்குங்கள், 15 முறை. பொத்தென்று போட்டால் இறங்கும்போது கிடைக்க வேண்டிய பலன் போய்விடும்.

நாற்காலியில் கையூன்றாமல் 10 முறை எழுந்து உட்காருவதும் நல்லது. ஆனால் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி கூடவே கூடாது, பின்னால் உருண்டு ஓடிவிடும். நாலு கால் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பாதத்தை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து எழுந்திருங்கள்.

மேசைவாசி:
நன்றி. தொடர்ந்து 10 நிமிடம் செய்தால்தான் கணக்கில் சேரும் என்கிறார்களே?

படிக்கட்டு:
பழைய விதி. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் அது இல்லை, துண்டு துண்டாகச் செய்வதும் சேரும். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. மிதமான உழைப்பு என்றால் பேச முடியும், பாட முடியாது. நடையில் அது நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி. போனில் பேசிக்கொண்டே ஆமை வேகத்தில் உலாத்துவது உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்கும், அந்த 150-இல் சேராது. அதற்குப் படிக்கட்டும் வேக நடையும்தான்.